மண்டபத்தில் எழுதிய அட்டை

தர்மபுரி மாவட்டத்தில் தும்பலஹள்ளி அணை, நாகாவதி அணை, வாணியாறு அணை என்று அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கு அவை இன்றைக்கும் 'சிலோன் கேம்ப்'தான். அந்த வரிசை வீடுகளில் பீரோ இல்லாத வீடு உண்டு, கட்டில் இல்லாத வீடு உண்டு. பதிவு அட்டை இல்லாத வீடு கிடையாது. குடும்பத் தலைவரின் பெயர், வயது, இலங்கையில் எந்த ஊர், கரையில் இறங்கிய நாள், கூட வந்தவர்கள், பிறகு பிறந்தவர்கள் என்று ஒரு குடும்பத்தின் வரலாறு முழுக்க அதில் அரசாங்கக் கையெழுத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பாலித்தீன் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். மழை வந்து கூரை ஒழுகினால் முதலில் கை போவது அந்த உறைக்குத்தான்.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இந்தப் பதிவு அட்டையை வைத்திருப்பவர் சட்டவிரோதக் குடியேறி. அவர் இந்த மண்ணில் இருப்பதை அரசே எழுதி, எண் போட்டு, முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டதற்கான சான்றும் இதே அட்டைதான். இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு ஒரு தாள் நாற்பது ஆண்டுகள் எங்கெல்லாம் போயிற்று, என்னவெல்லாம் பெற்றது, எங்கே தடுத்து நிறுத்தப்பட்டது என்பதை எழுத நினைக்கிறேன். சட்டவிரோதக் குடியேற்றத்தை மாநிலங்கள் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்ற வாதம் நாட்டில் சூடாக நடக்கிறது. அந்த வாதத்தில் இந்த அட்டை யாருடைய கணக்கிலும் வருவதில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வாதம் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே ஓடுகிறது. மத்திய அரசின் கை தளர்ந்திருக்கிறது, ஆகவே மாநிலம் கடுமை காட்ட வேண்டும் என்பார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2010-இல் இதற்கென்று தனிச்சட்டம் போட்டது. அதன் நான்கு முக்கியப் பிரிவுகளில் மூன்றை 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2023-இல் டெக்சாஸ் அதே வழியில் இறங்கியது. நம் நாட்டில் அசாமுக்கென்றே 1950-இல் நாடாளுமன்றம் ஒரு வெளியேற்றச் சட்டம் இயற்றியது. 2025-இல் அசாம் அமைச்சரவை அதைத் தூசி தட்டி எடுத்து மாவட்ட ஆட்சியர்களின் கையில் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. மாநிலம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. தில்லியின் சட்டம் ஒதுக்கி வைக்கிறது.

அட்டை பிறந்த இடம் மண்டபம். ராமேஸ்வரம் போகும் ரயிலில் பாம்பன் பாலத்துக்கு முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்றே ஒரு நிலையம் வரும். அந்தக் கேம்ப் அகதிகளுக்காக உண்டானதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நிறுத்தி, உடம்பைச் சோதித்து, காலராவும் அம்மையும் இல்லை என்று தெரிந்த பிறகு கப்பலேற்றுவதற்காக இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய தடுப்பு முகாம் அது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு தென்னிந்தியக் கூலிகளின் பெருவழி இதுவாயிற்று. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூலியிடமும் ஒரு தகரவில்லை இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதற்கான எண் அதில் பொறித்திருக்கும். வழிச்செலவைத் தோட்டம் கட்டும். அது ஆளின் பேரில் கடனாக ஏறும். நான் எழுதும் அட்டைக்கு அந்தத் தகரவில்லைதான் பாட்டன்.

தகரவில்லையோடு போனவர்களில் திருச்சி, சேலம் மாவட்டத்துக்காரர்கள் மிகுதி. 1965-இல் தர்மபுரி தனி மாவட்டமாகும் வரை மொரப்பூரும் அரூரும் சேலம் மாவட்டம்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த மேட்டுநிலத்தில் பிழைப்பு இருக்கவில்லை. தோட்டத்துக்கு ஆள்பிடிக்கும் கங்காணி வந்து நின்றபோது போனார்கள். போன இடத்தில் மூன்று தலைமுறை கொழுந்து பறித்த பிறகு, 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்து அவர்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எந்தப் பக்கம் போக விருப்பம் என்று அந்த மக்களை உட்காரவைத்துக் கேட்டுச் செய்த ஒப்பந்தங்கள் அல்ல அவை.

இந்தியா வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்து சேரவில்லை. 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றபோது பலரின் காகிதங்கள் பாதியில் நின்றன. மலையகத்தில் கலவரத்துக்கு அஞ்சிய குடும்பங்கள் 1977-க்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கிக் காடு வெட்டிக் குடியேறியிருந்தன. இலங்கையின் உள்நாட்டுப் போர் அங்கேயும் வந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்தாரோடும் மன்னார்க்காரர்களோடும் ஒரே படகில் ஏறி இந்தியக் கரைக்கு வந்தார்கள். பாட்டன் தகரவில்லையோடு போன அதே மண்டபத்தில் பேரன் வரிசையில் நின்று அட்டை வாங்கினான். இந்தியப் பூர்வீகம் கொண்ட இப்படிப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த பல்லாயிரம் பேர் இன்றும் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களை வெளிநாட்டிலிருந்து சட்டவிரோதமாக நுழைந்தவர்கள் என்று எழுத எந்தக் குமாஸ்தாவுக்கும் கை கூசியிருக்க வேண்டும்.

1990-இல் எழுதப்பட்ட ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். அந்த ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. மன்னார்க் கரையிலிருந்து இரவில் புறப்படும் படகு, விடியும் முன் தனுஷ்கோடிப் பக்கம் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும். சில ஓட்டிகள் கரை வரைக்கும் வராமல் நடுக்கடல் மணல்திட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கைக்குழந்தையோடு அங்கே நிற்பவர்களை மீனவர்களோ கடற்படையோ ஏற்றிவர வேண்டும். கரைக்கு வந்ததும் காவல்துறையிடம் ஒப்படைப்பு, அதன் உளவு அமைப்பான க்யூ பிரிவின் விசாரணை, மண்டபத்தில் பெயர்ப்பதிவு. அப்புறம்தான் கையில் அட்டை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இந்த மக்கள் ஒளிந்து நுழையவில்லை. வேலி தாண்டவில்லை, போலி ஆதார் செய்யவில்லை. கரையில் கால் வைத்த அன்றே அரசின் பேரேட்டில் ஏறியவர்கள். அவர்களை ஏற்றிப்போன வண்டிக்கும் அரசு ஏற்பாடு, அவர்கள் படுத்த தகரக் கொட்டகையும் அரசு போட்டது. 2025 தொடக்கத்தில் திருப்பூர்ப் பக்கம் போலி ஆவணங்களோடு தங்கியிருந்த வங்கதேசத்தவர்களைத் தமிழ்நாட்டுக் காவல்துறை கைதுசெய்தது. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, மாநிலத்துக்கு அதிகாரமும் இருக்கிறது. அந்த வழக்கையும் 35 ஆண்டுகளாக மாதந்தோறும் வருவாய்த்துறை முன்னால் வந்து நின்று கையெழுத்திடும் ஒரு கிழவியையும் ஒரே சொல்லால் குறிக்கிற சட்டத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

மண்டபத்தில் நிரந்தரமாகத் தங்க முடியாது. கூட்டம் பெருகப் பெருக மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கடலோரத்து மக்கள் கடல் என்றால் என்ன என்று தெரியாத தர்மபுரிக்கு வந்து சேர்ந்தார்கள். முகாமுக்கென்று மாநிலத்திடம் நல்ல நிலம் ஏதுமில்லை. அணைப் பக்கத்துப் புறம்போக்கும், பழைய கிடங்குகளும், யாரும் கேட்காத மேட்டு நிலமும்தான் கிடைத்தன. ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பத்து அறை. நடுவில் சேலையைக் கட்டித் தடுப்பு. மீன்பிடித்தவர் கல்லுடைக்கப் பழகினார், வாத்தியாராக இருந்தவர் சுண்ணாம்பு அடிக்கப் போனார். இன்றைக்கும் தமிழ்நாட்டில் எந்த முகாமுக்குப் போனாலும் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டர்கள். பெயிண்ட் வேலைக்கு நிலம் வேண்டாம், முதல் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம் என்பதுதான் காரணம்.

மொரப்பூரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையில், சென்னைத் தடத்தில் இருக்கிற நிலையம் இது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மக்களுக்கு ரயில் என்றால் மொரப்பூர்தான். திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போகிற மாவட்டத்து இளைஞர்கள் ஏறும் நடைமேடை. வாணியாறு முகாமிலிருந்து பெயிண்ட் வேலைக்குப் போகிறவருக்கும் அரூர்க்காரருக்கும் டிக்கெட் ஒன்று, பெட்டி ஒன்று, பேச்சும் ஏறத்தாழ ஒன்று. வித்தியாசம் என்னவென்றால், உள்ளூர்க்காரர் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். முகாம்காரர் சொன்ன நாளுக்குள் திரும்பியாக வேண்டும். அவருடைய அட்டை வீட்டில் இருக்கும். அதன் ஜெராக்ஸ்தான் அவரோடு ஊர் சுற்றும்.

இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய ரயில்பாதை போட்டார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோவதற்கான பாதை. பிறகு ஓசூர் வரைக்கும் அதை நீட்டினார்கள். உலகப்போரின்போது, 1941-இல், அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். அதை அகலப்பாதையாக மறுபடி போட வேண்டும் என்று மாவட்டம் பல பத்தாண்டுகளாகக் கேட்டு, 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் தில்லியின் பொறுப்பு. நிலம் எடுத்துக்கொடுப்பது சென்னையின் பொறுப்பு. இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் எவ்வளவு மெல்ல நகரும் என்பதை மொரப்பூர்க்காரர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. முகாம் மக்களின் வாழ்க்கை முழுவதுமே அப்படிப்பட்ட ஒரு காரியமாக ஆகிவிட்டது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 17-ஆம் இனம் குடியுரிமையும் வெளிநாட்டவரும். 19-ஆம் இனம் நாட்டுக்குள் வருவதும் வெளியேற்றுவதும். மாநிலத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரத்தை 1958-இல் மத்திய அரசு மாநில அரசுகளுக்கும் ஒப்படைத்தது. அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். ஓர் ஆளை வெளியே அனுப்ப மாநிலத்துக்குக் கை உண்டு; உள்ளே சேர்த்துக்கொள்ளக் கை கிடையாது. தமிழ்நாட்டு அரசு நினைத்தால் ஒருவரைத் திருச்சி சிறப்பு முகாமில் அடைத்துவைக்க ஆணையிடலாம். அதே மனிதருக்கு ஒரு வாக்காளர் அட்டை கொடுக்க முடியாது.

இந்த வேலிக்குள் நின்றுகொண்டு மாநிலம் என்ன செய்ய முடியுமோ அதை அந்த அட்டையின் வழியாகத்தான் செய்தது. மாதாந்திரப் பணக்கொடை அட்டைக்கு வந்தது. கிலோ 57 பைசாவுக்கு அரிசி அட்டைக்கு வந்தது. பள்ளிக்கூடச் சேர்க்கை, மருத்துவம், ஈமச்செலவு எல்லாம் அதைக் காட்டித்தான். செலவை மாநிலம் முதலில் செய்யும், மத்திய அரசு பின்னால் திருப்பித் தரும் என்பது ஏற்பாடு. அந்த வகையில் தில்லியும் கைவிட்டுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தது, பெயர் கொடுக்கவில்லை.

கொடுத்த அட்டையே கட்டிப்போடவும் செய்தது. பணக்கொடை கொடுக்கிற நாளில் வருவாய் ஆய்வாளர் வருவார். 'செக்கிங்' என்று முகாமில் சொல்வார்கள். அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும். "ஆர்.ஐ. வாறாராம், எல்லாரும் வாங்கோ" என்று முகாம் முழுக்கக் குரல் ஓடும். கோவையில் சாரத்தில் நிற்பவர், சேலத்தில் கல்லூரி விடுதியில் இருப்பவள், பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், எல்லாரும் அன்றைக்கு வந்துவிட வேண்டும். வராதவருக்கு அந்த மாதப் பணம் போகும். தொடர்ந்து வராவிட்டால் பெயரையே வெட்டிவிடுவார்கள். வெட்டிய பெயரைத் திரும்ப எழுதவைக்க வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சியர் அலுவலகம், சென்னை ஆணையரகம் என்று அலைய வேண்டும். பணம் போவதைவிடப் பெயர் போவதற்குத்தான் பயப்படுவார்கள். அட்டையில் பெயர் இல்லாத ஆள் இந்த நாட்டில் எந்தத் தாளிலும் இல்லாத ஆள்.

சில அட்டைகள் செத்தும் போயின. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டின் மனம் மாறியது. அந்தக் கோபத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்த மண்ணில் வைத்து, தமிழர் நடுவில், முன்னாள் பிரதமரோடு பலரையும் சேர்த்து விடுதலைப் புலிகள் கொன்றார்கள். ஆனால் அந்தக் கோபத்தின் விலையை, குண்டுக்குப் பயந்து ஓடிவந்த மக்கள் கொடுக்க நேர்ந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு முகாமின் கதவு மூடியது, கல்லூரி இடங்கள் மூடின. 1992-இலிருந்து திருப்பி அனுப்பும் பணி நடந்தது. விருப்பத்தின் பேரில்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. 1995 மார்ச் வரைக்கும் 99,469 பேர் திரும்பிப் போனார்கள். போகும்போது அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 1995-இல் போர் மறுபடி மூண்டது. திரும்பிப் போனவர்களில் சிலர் அடுத்த ஆண்டுகளில் அதே கடலைத் தாண்டி, அதே மண்டபத்தில், புது எண்ணோடு புது அட்டை வாங்கினார்கள்.

அட்டை தாண்ட முடியாத இடங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இலங்கைக் குடிமகன் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி வேண்டும். ஆகவே சம்பாதித்துச் சேர்த்தாலும் அரை சென்ட் நிலம் வாங்க முடிவதில்லை. பைக் வாங்கினால் நம்பிக்கையான உள்ளூர் நண்பர் பெயரில் வாங்குவார்கள். அரசு வேலை இல்லை. பிள்ளை பொறியியல் படித்து முதல் வகுப்பில் தேறுவான். வேலைக்கு எடுத்த கம்பெனி பாஸ்போர்ட் கேட்கும். அவன் மறுபடி தகப்பனோடு சாரம் ஏறுவான். முகாம்களில் நான் கேட்ட துயரங்களில் இதைப் போல மனதை அறுப்பது வேறில்லை. குண்டைப் பார்த்தவர்கள் அவனுடைய தாத்தாவும் பாட்டியும். அவன் பார்த்ததெல்லாம் தர்மபுரி அரசுப் பள்ளியும் மொரப்பூர் ரயில் நிலையமும்தான்.

சட்டம் அவனை எப்படிப் பார்க்கிறது? இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமக்கள். 1987-க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகியது: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. முகாம் பையன் தர்மபுரிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பெற்ற குழந்தைக்கும் இதே கதி. விண்ணப்பித்துப் பெறலாமா என்றால், பதிவுமுறை, இயல்புரிமை என்ற இரண்டு வழிகளும் சட்டவிரோதக் குடியேறிக்கு மூடியிருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தோம் என்பது கணக்கிலேயே வராது.

2019-இல் அந்த மூடிய கதவில் ஒரு பலகையை நாடாளுமன்றம் கழற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தாரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று குடியுரிமைச் சட்டத்தின் வரையறையிலேயே ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், கணிசமானோர் கிறிஸ்தவர்கள்; இரண்டும் அந்த ஆறில் அடங்கிய மதங்கள்தான். 2021 செப்டம்பர் 8-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தோடு மாநிலத்தின் அதிகாரம் முடிந்துவிடுகிறது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் பேரவையில் சொன்ன கணக்கு இது: 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர், 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் இருப்பவர்கள் 58,822 பேர், காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு வெளியே வாழ்பவர்கள் 34,087 பேர். 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார். இடிந்த நிலையிலிருந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் பெரிய பங்கு. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. மற்றப் பெரியவர்களுக்கு 750-லிருந்து 1,000. பிள்ளைகளுக்கு 400-லிருந்து 500. முகாமின் பெயர்ப் பலகையிலிருந்து அகதி என்ற சொல்லை எடுத்துவிட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றார்கள். 2022 செப்டம்பரில் திண்டுக்கல் தோட்டனூத்தில் முதல் தொகுதி வீடுகள் திறந்தன. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்தெழுந்தவர்களுக்கு ஓட்டை இல்லாத காங்கிரீட் கூரை எவ்வளவு பெரியது என்பது அந்த அறையில் ஒரு மழை இரவைக் கழித்தவர்களுக்குத்தான் தெரியும். அரசியல் பேதம் பார்க்காமல் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அந்த வீடும் அட்டைக்குத்தான்; பட்டா கிடையாது.

மாநிலம் ஏற்க, தில்லி தடுத்த இன்னொரு கதையாக மிசோரம் நினைவுக்கு வருகிறது. 2021-இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சின் மக்கள் எல்லை தாண்டி வந்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள், அகதி என்று அங்கீகரிக்க மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்று மத்திய உள்துறை வடகிழக்கு மாநிலங்களுக்கு மார்ச் மாதம் கடிதம் எழுதியது. மிசோரம் முதல்வர் சோரம்தங்கா, அவர்கள் எங்கள் ரத்த உறவு, கைவிட முடியாது என்று பிரதமருக்குப் பதில் எழுதிவிட்டுத் தங்கவைத்தார். மறு ஆண்டே இதே நிலை நமக்கும் வந்தது. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியின்றி மக்கள் தனுஷ்கோடியில் இறங்கினார்கள். முதலில் வந்தவர்களைப் பாஸ்போர்ட் சட்டப்படி காவலில் வைத்தார்கள். பிறகு மாநில அரசு மண்டபம் முகாமைத் திறந்துவிட்டது. சோறும் கூரையும் கிடைத்தன. ஆனால் மற்றவர்களுக்கு 1990-இல் கிடைத்த அகதிப் பதிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதைத் தில்லிதான் சொல்ல வேண்டும்.

நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், பூர்வீகம் இந்தியா என்ற 65 பேரின் வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைக் கருணையோடு பரிசீலித்து 16 வாரத்தில் முடிவெடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அதே நீதிபதி 2022-இல், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னார். அவர் பிறந்தது 1987 ஜூலைக்கு முன்பு. ஆகவே பிறந்த நாள் முதலே அவர் இந்தியர். 2024 ஏப்ரல் 19-இல் அவர் வாக்களித்தார். 36 ஆண்டுகள் அந்தப் பெண்ணின் பெயர் தவறான அட்டையில் இருந்திருக்கிறது. இன்னொரு பக்கம், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னை நாடுகடத்தக் கூடாது என்று கேட்ட மனுவைத் தள்ளிவிட்டது. உலகெங்குமிருந்து வருகிறவர்களையெல்லாம் தங்கவைக்க இந்தியா தர்மசத்திரமா என்று நீதிபதி தீபாங்கர் தத்தா கேட்டார். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவரின் வழக்கு அது. அவருக்குச் சொன்ன பதிலை அணைக்கட்டு முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அன்றைக்கு முகாம்களில் அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அட்டையின் வாழ்வில் பெரிய திருப்பம் அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் வந்தது. 1946-இன் வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கி, 2025-இன் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. மைத்திரிபால சிறிசேன இலங்கை அதிபராகப் பதவியேற்ற நாள் அந்த ஜனவரி 9. பதிவுசெய்துகொண்ட என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். செக்கிங்கில் நின்று நின்று, வேலையை விட்டு ஓடி ஓடி வந்து காப்பாற்றிய பெயர்தான் இன்றைக்குக் கேடயமாக நிற்கிறது. அந்தத் தாளைச் சிறைக்கு எதிரான கேடயமாக்கிய மத்திய அரசுக்கு நன்றி சொல்ல வேண்டும். அது குடியுரிமை தரவில்லை. சிறைக்குப் போகமாட்டாய் என்கிறது. என் வீட்டு ஆள் என்று சொல்லவில்லை. 2022-இல் வந்தவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன என்பது சிக்கலான விஷயமல்ல. முதல் வேலையை மாநிலமே செய்யலாம். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் யார் யார் என்று முகாம்தோறும் பட்டியல் எடுத்து, பிறப்புச் சான்று இல்லாதவர்களுக்கு அதைத் தேடிக்கொடுத்து, பாஸ்போர்ட் விண்ணப்பத்தைக் கையில் வைத்து அனுப்பலாம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், தில்லியின் அனுமதி வேண்டாம்; ஒவ்வொருவரும் தனித்தனியாக உயர் நீதிமன்றம் போய் நிற்கத் தேவையில்லாமல் செய்வது ஒரு மாவட்ட ஆட்சியரால் முடிகிற காரியம். இரண்டாவது வேலை தில்லியுடையது. 2019-இல் மூன்று நாடுகளுக்காகச் சேர்த்த விதிவிலக்கில், 2025-இன் ஆணையில் அவர்களே எழுதிய சொற்களை, 'தஞ்சம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்' என்பதை, சேர்த்தால் போதும். அதன் பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சோதிக்கட்டும், குற்ற வழக்கு உள்ளவர்களை நிறுத்தட்டும், ஊர் திரும்ப விரும்புகிறவர்களைக் கௌரவமாக அனுப்பட்டும்.

பாதுகாப்பு என்ற கவலையைச் சொல்கிறவர்களுக்கு ஒரு பதில்தான். இந்த நாட்டில் இவர்களைப் போல அரசுக்குத் தெரிந்த மக்கள் வேறு யாருமில்லை. எங்கே இறங்கினார்கள், எந்த நாளில், யாரோடு, எத்தனை பிள்ளைகள், எந்த மாதம் யார் செக்கிங்குக்கு வரவில்லை என்பது வரைக்கும் தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. புதிதாக யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. அந்தப் பதிவேட்டிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.